சுக்கிர மேட்டுக்கு 21 சுற்று

சேலத்துக்காரர்கள் ஏற்காட்டுக் குளிரைப் பெரிதாக மதிப்பதில்லை. ஊட்டிக்குப் புறப்படுகிறவர் ஸ்வெட்டரைத் தேடி பீரோவைக் கவிழ்ப்பார். ஏற்காட்டுக்குப் புறப்படுகிறவர் தோளில் ஒரு துண்டோடு பஸ் ஏறிவிடுவார். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, டிசம்பர் மாத விடியலில் ஏரிக்கரையில் இறங்கும்போது கை தானாகக் கக்கத்துக்குள் போகும். கணக்கு எளியது. சேலம் கடல்மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி இறங்கும் என்பது பொதுவான விதி. சேலத்து வெப்பத்தில் எட்டு டிகிரியைக் கழித்து, மூடுபனியையும் காற்றையும் சேர்த்துக்கொண்டால் ஏற்காடு வந்துவிடும்.

இருந்தும் இது அரைக்குளிர்தான். இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கும், தண்ணீர் உறையாது. ஒன்பது மணி வெயில் வந்ததும் எல்லாம் மறந்துபோகும். இப்படிப்பட்ட குளிரில் முழுக் கையுறை போட்டால் உள்ளங்கை வேர்க்கும், போடாவிட்டால் விரல் விறைக்கும். விரல் நுனிகளைத் திறந்துவிட்டு மணிக்கட்டையும் உள்ளங்கையையும் மட்டும் மூடுகிற கையுறைக்கென்றே யாரோ அளந்து வைத்ததுபோன்ற சீதோஷ்ணம்.

இந்தக் குளிரில்தான் காப்பியும் பழுக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து இருநூறு ஆண்டுகளாக இங்கே அறுவடை நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நடக்கிறது. அரபிக்கா ஒரே நாளில் பழுத்துக் கொடுக்கிற செடி அல்ல. ஒரே கொத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் இருக்கும். சிவந்ததை எடுத்து மற்றதை விட வேண்டும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பழத்தைப் பிடித்து ஒரு திருகு திருகும். காம்பு கிளையிலேயே நிற்க வேண்டும். கொத்தோடு உருவினால் அடுத்த பருவத்து மொட்டு கிளம்பும் கணு காயப்படும். பனியில் நனைந்த செடிக்குள் கையை விட்டு இதைச் செய்கிற பெண்கள், வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைமேல் மாட்டி, தலைக்குத் துண்டு கட்டி இறங்குகிறார்கள். கைக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கையுறை போட்டால் பழம் தெரியாது என்பார்கள். அது உண்மை. விரல் நுனிக்கும் ஒரு கண் உண்டு.

மணிக்கட்டுக்கு அந்தத் தடை இல்லை. வைத்தியர் நாடி பார்க்கும் இடத்தில் விரல்களுக்குப் போகும் ரத்தம் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அதை மூடி வைத்தால் விரல்களுக்கு ஓரளவு ஆறுதல். ஆக, விரல் திறந்த கையுறையை நாகரிகப் பொருளாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. குளிரில் விரலால் பிழைக்கிற எல்லோருக்கும் அது வேலைக் கருவி.

மலை ஊர்க் கடைகளில் இது கிடைக்கவும் செய்கிறது. எந்திரத்தில் பின்னிய ஒரு குழாய், பக்கவாட்டில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் கட்டைவிரலை விட்டால் கையுறை தயார். வாங்கின அன்று நன்றாகத்தான் இருக்கும். போட்டுக்கொண்டு ஒரு வாளியைத் தூக்கினால், ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்தால், காப்பிச் செடிக்குள் கை நீட்டினால் கோளாறு தெரியும். உள்ளங்கைத் துணி கட்டைவிரலை நோக்கி இழுபடும். மணிக்கட்டுப் பட்டி மேலே ஏறி, மூட வேண்டிய நாடியைத் திறந்துவிடும். விரலிடுக்கில் நூல் அறுக்கும். நாலு நாளில் ஓட்டை வாய் பிளந்து தொங்கும்.

காரணம் ஒரு அளவு நாடாவில் தெரிந்துவிடும். கட்டைவிரலை விட்டுவிட்டு நான்கு விரல்களின் அடியில் சுற்றளந்தால் நடுத்தரப் பெண்ணின் கை 19 சென்டிமீட்டர் அளவு வரும். நாடாவைச் சற்றுக் கீழே இறக்கிக் கட்டைவிரலின் அடிப்பகுதியையும் சேர்த்து, விரலை விரித்து அளந்தால் 23, 24 ஆகிவிடும். குழாய்க்கு இந்த நாலைந்து சென்டிமீட்டர் தெரியாது. அது எல்லா இடத்திலும் ஒரே சுற்றளவு. குறைவதை அக்கம்பக்கத்திலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. பழைய ஜிப்பாவின் அக்குளில் தையற்காரர் ஒரு சிறு சதுரத் துண்டை வைத்துத் தைத்ததும் இந்தக் கணக்கில்தான். அது இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது சட்டையே தூக்கும்.

கைரேகை பார்க்கிறவர்கள் கட்டைவிரலுக்கு அடியில் புடைத்திருக்கும் பகுதியைச் சுக்கிர மேடு என்கிறார்கள். அங்கே ஆயுளையும் ஆசையையும் படிப்பது அவர்கள் தொழில். உடற்கூற்றியல்காரருக்கு அது கட்டைவிரலை இயக்கும் தசைகளின் திரட்சி. அதன் அடியில், மணிக்கட்டுச் சிற்றெலும்பு ஒன்றின்மேல் கட்டைவிரலின் அடியெலும்பு குதிரைமேல் சேணம்போல உட்கார்ந்திருக்கிறது. முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஆடி, உள்ளங்கையைத் தாண்டி வந்து சுண்டுவிரலைத் தொட அதனால் முடியும். மனிதக் கையின் பிடிகளை 1956இல் பிரிட்டிஷ் உடற்கூற்றியலாளர் ஜான் நேப்பியர் இரண்டாகப் பிரித்தார்: சுத்தியலைப் பிடிக்கும் வலுப்பிடி, ஊசியைப் பிடிக்கும் நுண்பிடி. இரண்டிலும் கட்டைவிரல் உண்டு. நுண்பிடி அது இல்லாமல் நடக்கவே நடக்காது.

இந்த இடத்தில் ஏற்காட்டுக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப்படும் ராபர்ட் புரூஸ் ஃபூட் தம் ஓய்வுக்காலத்தை இங்கேதான் கழித்தார். 1863 மே மாதம் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியை அவர் கண்டெடுத்ததிலிருந்து இந்தியாவின் வரலாறு பல லட்சம் ஆண்டுகள் பின்னால் நகர்ந்தது. சேர்வராயன் மலையிலும் அவர் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளைச் சேகரித்தார். அவருடைய சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்தக் கோடரிகளுக்கு முந்திய, காம்பு மாட்டாத கைக்கோடரி ஒன்றை எப்போதாவது கையில் பிடித்துப் பார்க்க வாய்த்தால், அது நேராக இந்தச் சுக்கிர மேட்டில் வந்து சாய்வது தெரியும். மேட்டின் தயவில் பிழைத்த இனம், கையுறை என்று வந்தால் மேட்டையே மறந்துவிட்டு ஓட்டை போடுகிறது!

மேட்டுக்குத் துணி கொடுப்பது கடினமான வித்தை அல்ல. பின்னல் ஊசி பிடித்துப் பழகியவருக்குக் கூட்டல் தெரிந்தால் போதும். கணக்கைத் திறந்தே சொல்லலாம். நம் கடைகளில் ஊசி இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்ணில்தான் விற்கிறது. எண் ஏற ஏற ஊசி மெலியும். 10ஆம் எண் ஊசி 3.25 மில்லிமீட்டர். நடுத்தரத் தடிமனுள்ள உல்லன் நூலை அதில் பின்னினால், 10 சென்டிமீட்டருக்கு 24 கண்ணி அளவில் வரும். கை 19 சென்டிமீட்டர் என்றால் கையுறை 17 போதும். பின்னல் இழுபட்டுக் கையைக் கவ்வ வேண்டும். 17ஐ 2.4ஆல் பெருக்கினால் 40 கண்ணியும் கொசுறும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று பட்டி பின்னுவதற்கு நாலால் வகுபடும் எண் தேவை, ஆகவே 40. நான்கு ஊசியில் வட்டமாகப் பின்னினால் தையல் விழாது. மணிக்கட்டுப் பட்டி ஐந்தாறு சென்டிமீட்டர் போகட்டும்.

பட்டி முடிந்த இடத்தில் மேடு தொடங்குகிறது. ஒரே ஒரு கண்ணியைத் தேர்ந்தெடுத்து, அதன் இரு பக்கமும் ஒவ்வொன்று கூட்ட வேண்டும். ஒன்று மூன்றாகும். மூன்று சுற்றுக்கு ஒரு முறை இதையே செய்தால் ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏழு கூட்டலில் 15 கண்ணிக்கு வந்துவிடும். ஏழு மூன்று 21 சுற்று. சென்டிமீட்டருக்கு மூன்று சுற்றுக்குச் சற்று அதிகம் என்பதால், 21 சுற்றுக்கு ஆறரை சென்டிமீட்டர் உயரம். மணிக்கட்டு மடிப்பிலிருந்து கட்டைவிரல் இடுக்கு வரை நடுத்தரப் பெண்ணின் கையில் இருக்கும் தூரமும் ஏறக்குறைய அதுவே. முக்கோணமாக ஒரு துண்டு கையுறைக்குள்ளேயே முளைத்திருக்கும்; நாடாவில் காணாமல்போன சென்டிமீட்டர்கள் அங்கே இருக்கும். இடுக்கு வரும்போது கையில் போட்டுப் பார்க்க வேண்டும். எந்த அச்சடித்த கணக்கைவிடவும் அந்தப் பார்வைக்கு மதிப்பு அதிகம். கட்டைவிரல் குட்டையானவர் இருக்கிறார், இடுக்கு ஆழமானவர் இருக்கிறார். ஒரு சுற்று கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ள வேண்டியதுதான்.

பிறகு அந்த 15 கண்ணிகளை ஒரு துண்டு நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு, இடைவெளியின்மேல் ஒரு கண்ணி புதிதாக ஏற்றினால் பழைய 40 திரும்பிவிடும். நாலு சென்டிமீட்டர் பின்னி, கடைசியில் பட்டி போட்டு, தளர்வாக முடிக்க வேண்டும். இறுக்கி முடித்தால் விரலடியில் வளையம் போட்டதுபோல ரத்தம் கட்டும்.

ஒதுக்கிய கட்டைவிரலுக்குத் திரும்பும்போதுதான் பெரும்பாலோர் சோர்ந்துபோகிறார்கள். இடுக்கின் இரு மூலைகளிலும் பின்னல் இழுபட்டு ஓட்டை விழும். 15 கண்ணியை மட்டும் எடுத்துப் பின்னினால் அந்த ஓட்டைகள் நிரந்தரமாகிவிடும். புதிதாக ஏற்றிய கண்ணியிலிருந்து ஒன்று, இரண்டு மூலைகளின் தொங்கும் நூலை முறுக்கி ஒவ்வொன்று என்று மூன்று சேர்த்து 18 ஆக்கி, அடுத்த சுற்றில் மூலைக் கண்ணிகளைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னி 16க்குக் கொண்டுவர வேண்டும். 16 கண்ணி என்றால் ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல், கட்டைவிரலின் சுற்றளவு. முதல் முட்டி வரை வந்ததும் முடித்துவிடலாம். நகம் வெளியே இருக்க வேண்டும். பழத்தைத் திருகுவது நகமும் சதையும்.

இன்னொன்று உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. கட்டைவிரல் கையின் ஓரத்தில் இல்லை. கையைத் தொங்கவிட்டுப் பார்த்தால் மற்ற நான்கு நகங்கள் ஒரு திசையிலும் கட்டைவிரல் நகம் வேறு திசையிலும் இருக்கும்; அது உள்ளங்கைப் பக்கம் திரும்பி நிற்கிறது. புறங்கைக்கு 20, உள்ளங்கைக்கு 20 என்று பிரித்தால், மேட்டை அந்த எல்லையில் தொடங்காமல் உள்ளங்கைக்குள் இரண்டு கண்ணி தள்ளித் தொடங்க வேண்டும். இந்த இரண்டு கண்ணியில் கையுறைக்கு இடம் வலம் பிறந்துவிடுகிறது. கடைச் சரக்கு ஏன் இரண்டு கைக்கும் பொதுவாக இருக்கிறது என்பதும் விளங்கும்: பொதுவாக இருந்தால் உற்பத்திக்குச் சுலபம், கைக்குத்தான் சிரமம்.

மேடு இல்லாமலே உலகம் அழகான கையுறைகளைச் செய்திருக்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். லாட்வியாவை எடுத்துக்கொள்ளலாம். 2006இல் ரீகாவில் நேட்டோ மாநாடு நடந்தபோது வந்த விருந்தினர்களுக்குக் கையால் பின்னிய 4,500 ஜோடிக் கையுறைகளைக் கொடுத்த நாடு அது. அந்த ஊர் மரபில் பொதுவாக மேடு கிடையாது. கட்டைவிரல் வெறும் பிளவிலிருந்தே கிளம்பும். அமெரிக்காவின் புகழ்பெற்ற பின்னல் ஆசிரியை எலிசபெத் ஜிம்மர்மன் 1971இல் வந்த தம் புத்தகத்தில் அதற்கொத்த ஒரு தந்திரத்தைச் சொன்னார்: கட்டைவிரல் வர வேண்டிய இடத்தில் சில கண்ணிகளை வேறு நூலால் பின்னிவிட்டு, எல்லாம் முடிந்தபின் அந்த நூலை உருவினால் மேலும் கீழும் கண்ணிகள் காத்திருக்கும், அதில் கட்டைவிரலைப் பின்னிக்கொள்ளலாம். அழகான தந்திரம். ஆனால் லாட்வியக் கையுறை மூடிய கையுறை. அது எவ்வளவு தளர்ந்தாலும் விரல் நுனி முட்டி நிறுத்திவிடும். விரல் திறந்த கையுறைக்கு அந்தத் தடுப்பு இல்லை. மேலே போனாலும் கீழே இறங்கினாலும் அதைப் பிடித்து நிறுத்துவது கட்டைவிரல் ஒன்றுதான். அதனால்தான் இதில் மேடு அலங்காரம் ஆகாது.

எந்திரமும் கட்டைவிரலிடம் நெடுநாள் திணறியது. வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டத்தைச் செய்தது 1589இல். வட்ட எந்திரத்தில் குழாய் குழாயாகப் பின்னுவது திருப்பூருக்கு இன்று மூச்சுவிடுவதுபோல. ஐந்து விரலும் தானாகப் பின்னும் கையுறை எந்திரத்தை ஜப்பானின் வாக்கயாமாவில் ஷிமா செய்கி நிறுவனம் கொண்டுவந்ததோ 1960களில்தான். அதே நிறுவனம் 1995இல் முழு ஸ்வெட்டரையும் தையலின்றிப் பின்னும் எந்திரத்தை அறிமுகப்படுத்தியது. அதன் மூல யோசனை கையுறையிலிருந்து வந்தது: விரல்கள் கீழே தொங்கப் பிடித்தால் நடுவில் உடல், இரு பக்கமும் இரண்டு கைகள். கையுறையை ஒழுங்காகத் தீர்த்தவனுக்குச் சட்டை தானாக வந்தது.

தமிழ்நாட்டில் பின்னல் ஊசி வந்த வழி பள்ளிக்கூட வழி. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் லேஸ் வேலையைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் பெண் கல்வி நடந்தது. மதராஸ் மாகாணத்துப் பெண்கள் பள்ளிகளில் ஊசிவேலை ஒரு பாடமாகவே இருந்தது. ஏற்காட்டிலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் குளூனி சபைக் கன்னியர் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். மலை ஊர்க் கான்வென்ட் என்றால் உல்லன் உருண்டையும் ஊசியும் என்று இன்றைக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது.

ஆனால் இந்த வழியில் வந்த பின்னல் நம் வீடுகளில் ஒரே ஒரு வேலைக்கு ஒதுங்கிவிட்டது: பேறுகாலம். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்றதும் குல்லா, சட்டை, காலுறை, கையுறை என்று ஒரு செட். குழந்தைக் கையுறை வெறும் பை. முகத்தைக் கீறிக்கொள்ளாமல் இருக்கக் கட்டுவது. அதற்குக் கட்டைவிரலே கிடையாது. ஆயுள் முழுக்க ஊசி பிடித்த பாட்டிமாருக்கும் கட்டைவிரல் பின்னத் தெரியாமல் போனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். அவர்கள் கைத்திறனில் குறை இல்லை. பெரியவர் கைக்குப் பின்ன யாரும் கேட்டதில்லை.

நூல் விஷயத்தில் சேலம் மாவட்டம் பாவம். ஊர்ப் பெயரையே தாங்கிய மேச்சேரி ஆட்டுக்கு உடம்பில் கம்பளி கிடையாது. மழித்ததுபோலக் குட்டை மயிர்தான், அதன் தோலுக்குத்தான் மதிப்பு. திருச்சி கருங்குறும்பையின் மயிர் முரட்டு ரகம். மூட்டைபோலக் கனக்கும் கம்பளிக்கு ஆகும், மணிக்கட்டில் பட்டால் அரிக்கும். மென்மையான கம்பளி வேண்டுமானால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும். மெரினோ, செவியட் போன்ற அயல் ஆடுகளும் உள்ளூர் ஆடும் கலந்து உருவான நீலகிரி ஆடு தமிழ்நாட்டின் ஒரே மென்கம்பளி இனம். சாண்டிநல்லாவில் அரசு ஆய்வுப் பண்ணை அதை வளர்க்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளை அங்கே பார்க்கலாம். இவ்வளவு இருந்தும் மலையடிவாரத்து ஃபேன்சி ஸ்டோரில் உல்லன் என்று கேட்டால் கிடைப்பது லூதியானாவின் அக்ரிலிக். 1833 பஞ்சத்துக்குப் பிறகு காஷ்மீரிலிருந்து வந்த சால்வை நெசவாளர்கள் வேரூன்றிய ஊர் அது. குளிர்காலம்தோறும் தமிழ்நாட்டு நகரங்களில் திபெத்தியர்கள் விரிக்கும் ஸ்வெட்டர் கடைகளுக்கும் சரக்கு பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது.

அக்ரிலிக் மலிவு, துவைக்கச் சுலபம், நிறம் போகாது. மூடுபனியில் அதன் குறை தெரியும். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கியும் ஈரமாக உணர்த்தாது. அக்ரிலிக் உறிஞ்சுவது இரண்டு சதவீதம்கூட இருக்காது, மிச்ச ஈரம் இழைகளுக்கு நடுவே நின்று தோலில் படும். பனி சொட்டும் காப்பிச் செடிக்குள் கைவிடுகிறவருக்கு இது சிறிய வித்தியாசம் அல்ல. நீலகிரிக் கம்பளியைக் கைப்பின்னலுக்கு ஏற்ற நூலாக நூற்று, ஏற்காட்டிலும் ஊட்டியிலும் 50 கிராம் உருண்டையாக விற்க அரசோ கூட்டுறவுச் சங்கமோ முன்வந்தால், ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய ஒரு உருண்டையே போதும். ஒரு தோட்டத்தில் அறுவடைக்கு வரும் பெண்களுக்குக் கம்பளிக் கையுறை கொடுப்பது முதலாளியின் காப்பிக் கணக்கில் ஒரு மூட்டைக்குக்கூடக் காணாது என்று இந்தக் கட்டுரை நினைக்கிறது.

அதுவரைக்கும் வீட்டில் ஊசி இருப்பவர்கள் அடுத்த டிசம்பருக்குள் ஒரு ஜோடி பின்னிப் பார்க்கலாம். முதலில் கையை இரண்டு இடத்தில் அளந்துகொள்ளுங்கள்: விரலடியில் ஒன்று, கட்டைவிரலையும் சேர்த்து ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மேடு. இரண்டாவது கைக்கு மேட்டை உள்ளங்கையின் எதிர் ஓரத்தில் தொடங்க வேண்டும். மறந்தால் இரண்டு இடக்கைக் கையுறைகள் கிடைக்கும்.